அரை மாத்திரை

மார்ச் 8, சனி

ரெஜினா மேடம் எழுதச் சொல்லியிருக்கிறார். "குடிச்சவங்களுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தாப் பத்தாதுங்க. கூட இருக்கறவங்க மனசும் ரணமாத்தான் கெடக்கும். தெனம் நாலு வரி எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்றார். அவர்தான் மையத்தில் ஆலோசனை சொல்பவர். என் மனசுக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. தொண்டு நிறுவனம் நடத்துவதால் காசு கிடையாது. படுக்கையும் கிடையாது. டாக்டர் சுபைரைப் பார்க்க வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும், ரெஜினா மேடத்தோடு பேச வேண்டும், வீட்டுக்குப் போக வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்காரர்களும் வந்து வட்டமாக உட்கார வேண்டும். அவ்வளவுதான். நான் கேட்டது உள்ளே வைத்துப் பூட்டுகிற இடம். இவர்தான் பிடிவாதமாக, "வேலைக்குப் போயிக்கிட்டே பாக்கறேன் சாந்தா. பூட்டி வெச்சு வர்ற புத்தி எத்தன நாளைக்கு?" என்றார்.

பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. இருபது வருஷமாகக் கேட்கிறேன்.

சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போது முகர்ந்து பார்த்தேன். பஸ் பாடி கட்டுகிற பட்டறையின் புகை நாற்றம் மட்டும்தான்.

மார்ச் 11, செவ்வாய்

சிலிண்டர் வரவில்லை. போன் போட்டுப் போட்டு அலுத்தது. இவர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்து, ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டீ சிந்தியது.

கம்பெனியில் எனக்கு வேலை செக்கிங். பெட்ஷீட்டை விளக்கு மேஜையில் விரித்து, நூல் அறுந்தது, கறை, ஓட்டை எல்லாம் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நல்ல துணியும் வரும். ஆனால் நல்ல துணி என் கண்ணில் நிற்காது.

மார்ச் 14, வெள்ளி

ஈரோட்டிலிருந்து பானு அக்கா வந்தாள். இவர் பட்டறைக்குப் போன பிறகு பர்ஸைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். உள்ளே மாத்திரை அட்டைகள்.

"உங்க மாமனுக்கு வாங்கினது, மீதி இருந்துச்சு. அரை மாத்திரையை நுணுக்கிச் சட்னியில போட்டுரு. ருசியே தெரியாது. இது ஒடம்புல இருக்கறப்ப ஒரு வாய் சாராயம் உள்ள போனாலும் மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, உசுரே போறாப்ல ஆயிரும். ஒரு தடவ அப்படி ஆச்சுன்னா பொறவு அந்தப் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டாங்க."

"அவருக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா திம்பாங்களா? நீ என்ன பச்சப்புள்ளையாட்டம் கேக்கற?"

மாமா குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. இது உண்மை.

பொட்டலத்தை உளுந்து டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சும்மா வைத்திருக்கிறேன்.

மார்ச் 15, சனி

வட்டத்தில் ஒரு லாரி டிரைவரின் மனைவி, நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டாள். "சாப்பாட்டுல கலந்து குடுக்கற மருந்து ஒண்ணு இருக்குதாமே மேடம், அது குடுக்கலாங்களா?"

ரெஜினா மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தெரியாம யாருக்கும் எதுவும் குடுக்காதீங்க. அந்த மாத்திரைய நாங்களும் சில பேருக்குக் குடுக்கறோம். ஆனா அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லி, அவங்க சரின்னு கையெழுத்துப் போட்டு, ரத்தம் டெஸ்ட் எல்லாம் எடுத்த பொறவு. இல்லீன்னா உசுருக்கே ஆபத்துங்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அவர் படித்தவர். பத்து வீட்டுக் குடிகாரர்களைப் பார்த்திருப்பார். ஒரு குடிகாரனோடு இருபது வருஷம் படுத்து எழுந்திருக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

தேங்காய்ச் சட்னி. இவர் வேலைக்குப் போகிறவர், நாலு தோசை தின்றார். "சட்னி நல்லாருக்குது" என்றார்.

இது சந்தேகம் இல்லை. காவல். வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறோம், எதிர்வீட்டுக்காரர் திருடன் என்றா அர்த்தம்?

இன்றைக்கு முழுக்கக் கம்பெனியில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஓட்டையைப் பார்க்காமல் விட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

மார்ச் 26, புதன்

தாரணி கோயமுத்தூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். அப்பாவோடு ரொம்ப நேரம் பேசினாள். முன்பெல்லாம், "அம்மா, அப்பா எப்படி இருக்காரு?" என்று என்னிடம்தான் கேட்பாள். இப்போது நேராக அவரிடமே கேட்கிறாள். என்னிடம் கடைசியில், "சரி வெச்சுரட்டாம்மா?" என்றாள்.

இவர் சிரித்த முகமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சந்தைக்குப் போய்க் காய் வாங்கி வந்தார். முற்றின வெண்டைக்காய். அவர் வரும்வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். வாய்நாற்றம் பார்த்தேன். பூண்டு நாற்றம் போல ஒன்று அடிக்கிறது, அவ்வளவுதான். முன்பு போல எனக்குப் பயம் இல்லை. காவல் இருக்கிறது.

மார்ச் 29, சனி

இன்றைக்கு மையத்தில் எல்லோரும் இவருக்குக் கை தட்டினார்கள். எழுந்து நின்று, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பான்ட் பையில் விட்டு எடுத்தார்.

பிறகு டாக்டரிடம், "வாயில எந்நேரமும் இரும்பக் கடிச்சாப்ல ஒரு ருசிங்க. பகல்ல தூக்கம் தூக்கமா வருது. பசியே இல்லைங்க" என்றார். டாக்டர் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். விட்டமின் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ரத்தம் எடுக்க எழுதினார்.

வரும் வழியில் பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார். "சாந்தா, எங்கப்பனுக்கும் இப்படித்தான் பசியில்லாமத்தான் ஆரம்பிச்சது. ஈரல் போயிருச்சுன்னு சொல்லி ஒரே மாசத்துல போயிட்டாரு. நான் உட்டதுதான் லேட்டாயிப் போச்சோ?"

"பித்தமா இருக்கும்ங்க" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

பட்டறையில் மிச்ச இரும்புக் குழாயில் எனக்கு ஒரு ஸ்டூல் வெல்டிங் வைத்து எடுத்து வந்திருக்கிறார். "நாள் பூரா நின்னுட்டே இருக்கற. அடுப்படியிலயாவது உக்காரு." வெல்டிங் பிசிறைக்கூட அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்.

ரத்த ரிப்போர்ட் சுமார்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாராம். இவர் நம்பவில்லை. "மறைக்கறாங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நிறுத்தலாமா என்று நினைத்தேன். சித்திரை பிறக்கட்டும். அண்ணமார் கோவில் கெடா வெட்டு வருகிறது. அங்கே எல்லோரும் குடிப்பார்கள். அது முடியட்டும்.

ஏப்ரல் 9, புதன்

ஆஸ்பத்திரி. எழுத முடியாது.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்று மதியம் கம்பெனிக்கு மேஸ்திரி போன் போட்டார். "லோகநாதன் உளுந்துட்டான், வாங்க." ஆட்டோவில் போனேன். பாதி கட்டின பஸ் ஒன்றின் நிழலில் இவரைக் கிடத்தியிருந்தார்கள். முகமும் கழுத்தும் ரத்தமாகச் சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. சட்டை முழுக்க வாந்தி. சுற்றி நின்றவர்கள் முகத்தில் கவலையைவிட வேறு ஒன்று இருந்தது. "ஆரம்பிச்சுட்டாப்ல மறுக்கா" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிரஷர் ரொம்ப இறங்கிவிட்டதாம். கொஞ்சம் தாமதம் ஆகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

இவர் கண் திறந்ததும் நான் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "எங்கீங்க குடிச்சீங்க? கை தட்டி வாங்கிட்டு வந்து எங்க போய்க் குடிச்சீங்க?"

"சத்தியமா இல்ல சாந்தா. பசியெடுக்கலன்னு நாட்டு மருந்துக் கடையில அரிஷ்டம் வாங்கினேன். அதத்தான் அரை டம்ளர் குடிச்சேன். தாரணி மேல சத்தியம்."

பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "இங்க வர்ற எல்லாரும் அரிஷ்டந்தான் குடிக்கறாங்க."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வைத்தியத்துல இருக்காருன்னு சொன்னீங்க. குடியை நிறுத்தறதுக்கு வேற மாத்திரை ஏதாவது குடுக்கறாங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

இல்லை என்றேன்.

வெயில் ஜாஸ்தி. பட்டறையில் தகரக் கூரை. வெயிலுக்கும் இப்படி ஆகும்.

ஏப்ரல் 11, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. பானு அக்காவுக்குப் போன் போட்டேன். "அரிஷ்டத்துலயும் சாராயச் சத்து இருக்கும்டி. உங்க மாமனுக்கு டாக்டர் சொன்னாரு, இருமல் டானிக்குகூடக் குடிக்கக்கூடாதுன்னு. அதான் வேல செஞ்சிருக்குது. பாத்தியா, நல்ல மாத்திர!" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"அது ஒடம்புல எத்தன நாளைக்கு இருக்கும்க்கா?"

"நிறுத்தினாலும் ரெண்டு வாரம் நிக்கும்னாங்க. ஏன்?"

போனை வைத்துவிட்டேன். மீதி அட்டைகளைக் கிழித்து, மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றினேன். சட்னி அரைக்கவில்லை. தொட்டுக்கொள்ள இட்லிப் பொடி வைத்தேன். இவர் தொடவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். இவர் இரண்டு ஸ்பூன் தின்றார்.

பட்டறை முதலாளி, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை மையத்துக்கும் இவர் போகவில்லை. தாரணி போன் செய்தபோது, "அப்பா, நெசமாவே குடிக்கலையா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு போனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டார்.

"நீயாவது நம்பறியா?" என்று என்னைக் கேட்டார்.

நம்புகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே? உலகத்திலேயே அதைச் சொல்லத் தகுதியுள்ளவள் நான் ஒருத்திதான். "போச்சாது உடுங்க" என்றேன். வேறு ஏதோ ஒரு வேலையாக அடுப்படிக்குப் போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

கம்பெனிக்கு லீவு. சாயங்காலம் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஒரு நடை போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். செருப்பைப் போடும்போது தனக்குள் பேசுவது மாதிரி, "குடிக்காமயே குடிகாரன்னு பேரு. அப்பறம் குடிச்சா என்ன?" என்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் நானும் இறங்கினேன். நைட்டி மேல் துண்டு. காலில் செருப்பு இருந்ததா என்பதுகூட ஞாபகமில்லை. இரண்டு வாரம் நிற்கும் என்றாளே அக்கா. அரை டம்ளர் அரிஷ்டத்துக்கே அந்தப் பாடு. குவார்ட்டர் உள்ளே போனால்?

வெங்கமேட்டுப் பாலம் தாண்டி ஒயின் ஷாப் எதிரில் நின்றார். நான் ஒரு பழவண்டிக்குப் பின்னால். அவர் நின்றுகொண்டே இருந்தார். உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்தார். தெரிந்தவர் ஒருவர் தோளில் கை போட்டுக் கூப்பிட்டார். இவர் ஒரு அடி எடுத்து வைத்தார். ஓடிப் போய்க் கையைப் பிடித்திருந்தால் ஏன் என்று கேட்பார். அதனால் நான் ஓடவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. நான் ஓடவில்லை.

அவராகத்தான் கையை விலக்கிக்கொண்டார். பக்கத்தில் கரும்புச் சாறு வாங்கி, நின்றபடியே குடித்தார்.

குறுக்குச் சந்தில் நடந்து அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவள் போலத் துணி மடித்தேன்.

ஏப்ரல் 19, சனி

ரெஜினா மேடமே வீட்டுக்கு வந்து கூப்பிட்டதால் இவர் மையத்துக்கு வந்தார். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். காலையில் அவர் ஷேவ் செய்துகொண்டது எதற்கென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கறவங்க இருந்தா எந்திரிச்சுச் சொல்லலாம். இங்க யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்" என்றார் மேடம்.

இவர் எழுந்தார். சுவரைப் பார்த்துப் பேசினார்.

"எம் பேரு லோகநாதனுங்க. பஸ் பாடி கட்டற பட்டறையில வெல்டருங்க. போன வாரம் நான் குடிச்சுட்டனுங்க. அரிஷ்டம்னு பொய் சொல்லிட்டுத் திரிஞ்சேன். வீட்டுல, பட்டறையில, எல்லாத்துகிட்டயும். மன்னிச்சுக்குங்க. மறுக்கா சேத்துக்கங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். உண்மையைச் சொன்னதற்காக. லாரி டிரைவர் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். இவர் அதையும் வாங்கிக்கொண்டார். பொய்யைச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள் என்றால் அதையும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்து, அதற்காகத்தான் ஷேவ் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

நான் எழுந்துவிட்டேன்.

"அவரு குடிக்கலைங்க."

ரெஜினா மேடம் என்னை உட்காரச் சொல்வது போலக் கையைக் காட்டினார். பாசத்தில் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"குடிக்கலைங்க மேடம். அவரு சொன்னது நெசம், அரிஷ்டந்தான். நாந்தான் அந்த மாத்திரையப் போட்டேன். தெனமும் சட்னியில நுணுக்கி. நீங்க குடுக்காதீங்கன்னு சொன்னதுக்கு அப்பறந்தான் போட ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரியில கேட்டாங்க, அங்கயும் இல்லைன்னுட்டேன்."

கை தட்டல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. கணக்குப் புரியாத குழந்தை போல ஒரு பார்வை.

"அந்த இரும்பு ருசி?"

"ஆமாங்க."

"பசியில்லாம இருந்தது?"

"அதுவுந்தானுங்க."

"அப்ப எனக்கு ஈரலுக்கு ஒண்ணுமில்லையா?"

டாக்டர் சுபைர் கதவருகில் நின்றிருந்தார். அவர்தான், "ஒண்ணும் இல்லைங்க லோகநாதன்" என்றார்.

இவர் தலையாட்டினார். நாற்காலியை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போனார். லாரி டிரைவர் அவர் பின்னால் ஓடினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பட்டறையில் படுத்திருக்கிறாராம். மேஸ்திரி சொன்னார். முதலாளியிடம் டாக்டர் சுபைரே போனில் பேசி விஷயத்தைச் சொன்னதால் வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது. நேற்று இவர் மையத்துக்குப் போய், இன்னும் சில நாளைக்கு ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

பானு அக்கா போன் செய்து, "சபையில போய் ஏன்டி சொன்ன, கூறுகெட்டவளே" என்றாள்.

கம்பெனியில் நல்ல துணி மேலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். எதில் ஓட்டை, எதில் இல்லை என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 26, சனி

இவர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்ன குக்கர், ஒரு ஒற்றை அடுப்பு ஸ்டவ், அரிசி, பருப்பு. பின்கட்டில் வைத்துத் தானே சமைத்துத் தானே தின்றார். தண்ணீர்கூடக் குழாயில் பிடித்துக் குடிக்கிறார். நான் வைத்த சொம்பு அப்படியே இருக்கிறது.

கேட்க எனக்கு வாய் ஏது?

மே 3, சனி

ரெஜினா மேடத்திடம் தனியாக உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை. "அவரு குடியை உட்டதும் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தது என்றேன். "யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அவர் குடித்த காலத்தில் வீடு என் கையில் இருந்தது. யாரைக் கேட்டாலும் சாந்தாமணி பாவம், சாந்தாமணி இல்லையென்றால் அந்தக் குடும்பமே இல்லை என்பார்கள். தாரணி என்னிடம்தான் அழுவாள். அதையெல்லாம் மேடத்திடம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். புதன்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார். போகலாம், போகாமலும் இருக்கலாம்.

மே 7, புதன்

போனேன்.

மே 11, ஞாயிறு

லீவுக்குத் தாரணி வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து என்னோடு அளந்துதான் பேசுகிறாள். இவர்தான் காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். "அம்மாகிட்ட மூஞ்சியத் தூக்காத, கண்ணு" என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

மதியம் இவர் சமையல். பின்கட்டிலிருந்து குக்கரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முதல் தடவையாக. தாரணிக்குத் தட்டு வைத்தார், தனக்கு வைத்தார். நான் எழுந்து என் சோற்றைப் போட அடுப்படிக்குப் போகப் போனேன். மூன்றாவதாக ஒரு தட்டை எடுத்து என் எதிரில் வைத்தார்.

கத்தரிக்காய்க் குழம்பு. காய் வேகவில்லை. புளி தூக்கலாக இருந்தது. எனக்குக் குழம்பை ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சாப்புடு. உப்பு, புளி, மொளகாயத் தவிர நான் ஒண்ணும் போடல."

தாரணி சிரிக்கலாமா கூடாதா என்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர் சிரிக்கவில்லை. குத்திக் காட்டினாரா, விளையாட்டாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கப் போன கண்ணைத் தட்டுக்கு இழுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார்.